யாரும் தண்ணி ஊத்தாதீங்க

தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசும் என் அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு ஓர் ஆடி போய்விட்டது. நான் இப்போது அப்பாவோடு பிளம்பிங் வேலைக்குப் போகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. உனக்கு இது பிடிக்காது என்று தெரியும். வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் நடுவே உட்கார அதைவிடப் பயமாக இருந்தது. பைப்பைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் நடப்பதில்தான் பயம் கொஞ்சம் குறைந்தது.

பேரையூர் அத்தைக்கு இது ஆகவில்லை. போன வாரம் வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"பொட்டப் புள்ளய கக்கூஸ் பைப்பு மாட்ட விடுறியே, ஒனக்குக் கூறு இருக்கா? எங்கூட அனுப்பு. தையல் படிக்கட்டும். அப்புறம் ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துருவோம்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "பழங்காநத்தத்துல ஒரு சந்து வேலை ஒத்துக்கிட்டேன்க்கா. என் ஒடம்பு உள்ள போகாது. அது மட்டும் முடியட்டும். அதுல ஏதும் கோளாறு பண்ணிட்டாள்னா நானே கொண்டாந்து விட்டுர்றேன்" என்றார்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கு வேண்டிய பதிலை எல்லாம் நீதானே முந்திக்கொண்டு சொல்வாய்?

அந்த வேலை பழங்காநத்தத்து மல்லிகா அக்கா வீட்டில். மாடிக் குளியலறைத் தண்ணீர் இறங்கும் பைப் உடைந்து, பக்கத்து வீட்டுச் சுவர் ஊறிப்போயிருந்தது. பைப் இருப்பது இரண்டு வீட்டுக்கும் இடையில் உள்ள சந்தில். பக்கவாட்டில்தான் நுழைய முடியும். நுழைந்த பிறகு உடம்பைத் திருப்ப முடியாது. எந்தச் சுவரைப் பார்த்து நிற்கப் போகிறோம் என்பதை வெளியே இருக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் மல்லிகா அக்கா வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நுழைந்தேன். முதுகில் பக்கத்து வீட்டுச் சுவரின் ஈரம் ஒட்டியது.

மேலிருந்து சுவருக்குள்ளேயே பதிந்து இறங்கும் பழைய பைப், என் தலைக்கு மேலே நான்கு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நல்ல பைப் அவ்வளவுதான் மிச்சம். அங்கே ஒட்டும்போது தவறினால், அதையும் அறுத்துப்போட்டுவிட்டுச் சுவரை உடைக்க வேண்டியதுதான். கீழேயும் நேராக இறக்க முடியாது. பக்கத்து வீட்டுத் தூண் ஒன்று சந்துக்குள் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு, கோணலாகக் கட்டிய சாக்கடைத் தொட்டிக்குப் பைப் போய்ச் சேர வேண்டும்.

பெண்ட் என்கிற வளைவுத் துண்டு ஒன்றிலேயே முழுத் திருப்பமாகத் திருப்பினால் அழுக்கு அடைத்துக்கொள்ளும். பாதித் திருப்பம் உள்ள பெண்ட் ஒன்றைப் போட்டால் தூணில் இடித்தது. அந்தப் பாதித் திருப்பத்தில் இரண்டை எதிரும் புதிருமாகக் கோத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்த்தேன். எந்தக் கடையிலும் விற்காத ஒரு கோணம் வந்தது. தூணை உரசாமல் பைப் ஒதுங்கிப் போனது. தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டமும் இருந்தது. ஒட்டாமல் சொருகி வைத்தபடியே, இணைப்புகளின் குறுக்கே ஆணியால் கோடு கீறிக்கொண்டேன். பைப் ஒட்டும் சொல்யூஷன் பசையைத் தடவிச் சொருகும்போது கோடும் கோடும் சேர வேண்டும். சேர்த்ததும் அசையாமல் பிடிக்க வேண்டும்.

நீ வேலைக்கு வந்த நாட்களில், அப்பா ஒட்டும் நேரத்தில் நீ மாடியில் நிற்பாய். ஒட்டு காயும்வரை குழாய்ப் பக்கம் யாரும் போகாதபடி அந்த வீட்டுப் பெண்களைப் பேச்சிலேயே கட்டிப்போடுவாய். முன்பின் தெரியாதவர்களோடு அவ்வளவு நேரம் அப்படி என்னதான் பேசினாய், அம்மா?

இந்தத் தடவை மேலே யாரும் நிற்கவில்லை. "யாரும் குளிக்கப் போகமாட்டாக" என்று சொல்லிவிட்டு மல்லிகா அக்கா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போய்விட்டார். சந்தின் வாயில் அப்பா நின்றார். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் நின்று பேசுவதும் கேட்டது.

"என்ன மாப்ள, புள்ளய உள்ள சொருகிட்டு நீ வெளிய காத்து வாங்குறியா?"

"இல்லண்ணே, நமக்குத் தொப்பை இடிக்குது."

"சிரிக்காத. இன்னிக்கும் என் செவுரு நனைஞ்சுச்சுன்னா செங்கல்ல வச்சுச் சந்த அடைச்சுப்புடுவேன்."

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார். சொல்யூஷன் டப்பாவைக் குச்சியில் கட்டி என்னிடம் நீட்டினார். "ஒட்டிரு தாயி. கிளாம்பு ஒண்ணு கொறையுது, வாங்கிட்டு வாரேன்."

தடவினேன். நெடி கண்ணில் ஏறியது. மேல் பெண்டைச் சொருகித் திருகினேன். கோடு சேர்ந்தது. இரண்டு கையாலும் மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் மேலே செருப்புச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம். குழாய் திறந்து, காலி வாளியில் தண்ணீர் விழும் சத்தம்.

கையை விட்டால் பெண்ட் சுற்றிக்கொள்ளும். விடாமல் பிடித்திருந்தால் தண்ணீர் வந்து ஒட்டைக் கழுவிவிடும், என் முகத்திலும் கொட்டும். வாளி நிறைய நிறைய அந்தச் சத்தம் மாறுவது தெரிந்தது. அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வகுப்பில் எழுந்து நிற்கும்போது வருமே, அதே வெறும் காற்று. மேலே குழாயை மூடிவிட்டார்கள். வாளிக்குள் செம்பு இறங்கியது.

"யாரும் தண்ணி ஊத்தாதீங்க! கீழ ஆள் இருக்கு! ஊத்தாதீங்க!"

அந்தச் சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை. சந்து முழுக்க மோதி மேலே போனது.

"ஊத்தல, ஊத்தல!" என்று ஓர் ஆண் குரல் பதறியது. மல்லிகா அக்காவின் தம்பி என்று பிறகுதான் தெரிந்தது. "சனிக்கிழமைன்னு எண்ணெய் தேச்சுட்டேன்மா. கண்ணு எரியுது. எப்பத்தான் ஊத்தலாம்?"

"நான் சொல்றப்ப ஊத்துங்க. அதுவரைக்கும் ஒரு சொட்டு வரக்கூடாது!"

முகம் தெரியாத ஓர் ஆளிடம் நான் இப்படிச் சொன்னேன், அம்மா.

"யாத்தே! இந்த ஒடம்புக்குள்ள இம்புட்டுச் சத்தமா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்பா ஓடிவந்த வேகத்தில் கிளாம்பு கீழே விழுந்து உருண்டது. "என்ன தாயி? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா. பிடிச்சுக்கிருச்சு."

மிச்சத்தையும் கோத்து ஒட்டினேன். பைப்பைச் சுவரோடு சேர்த்துக் கிளாம்பு அடித்தேன். காயும்வரை மேலே இருந்தவர் நிமிடத்துக்கு ஒரு தடவை, "இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னும் இல்ல" என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் பதில் சொன்னேன். கடைசியில், "ஊத்துங்கண்ணே" என்றேன். தண்ணீர் தடதடவென்று இறங்கித் தூணைச் சுற்றிக்கொண்டு போனது. ஒவ்வோர் இணைப்புக்கு அடியிலும் விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அப்பா என்னைப் பாராட்டவில்லை. நான் வெளியே வந்ததும் என் முழங்கையில் இருந்த சிராய்ப்பைத் தன் துண்டால் ஒற்றினார், அவ்வளவுதான்.

சாயங்காலம் அப்பா அத்தைக்குப் போன் போட்டு, மணி அடிக்கும்போதே என் கையில் கொடுத்துவிட்டார். "நீயே சொல்லு."

"அத்தை, நான் அங்க வரல. அப்பாகூட வேலைக்குத்தான் போறேன்."

"யாரு பேசுறது?"

"ஜோதி."

"ஜோதியா?" என்று அத்தை இன்னொரு தடவை கேட்டார். பிறகு, "நாளைக்கு ஞாயித்துக்கெழமதான, நேர்ல வாரேன், இதே வாயி அப்பவும் இருக்கான்னு பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

பயமாகத்தான் இருக்கிறது, அம்மா. வரட்டும். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கமாட்டேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தாலும், மறுபடியும் வாயைத் திறப்பேன். இனி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மாடி ஏறிக் கதவைத் தட்டி, உள்ளே யார் என்று நானே கேட்டுவிட்டுத்தான் சந்துக்குள் இறங்குவேன். உன் மேல் சத்தியம்.

நீ பெற்ற பிள்ளை,
ஜோதி