மர முட்டை யாரிடம்?

ஜூலை 8, செவ்வாய்

இன்று முட்டை ஐந்து கை மாறியது. அதில் மூன்று என் கைங்கரியம்.

புது நோட்டு என்பதால் ஒரு தடவை சொல்லிவைக்கிறேன். எங்கள் ஹாஸ்டலில் தமிழ் பேசக் கூடாது. பேசினால் மர முட்டை கைக்கு வரும். லாரி பாடி கட்டும் ஆசாரி யாரோ கடைந்து கொடுத்ததாம். நிஜ முட்டை அளவு, வெள்ளை பெயிண்ட், ஒரு பக்கம் பல்லால் கடித்த தடம் (அது நான், ஒன்பதாவதில்). முட்டைக்காரி அடுத்தவள் தமிழ் பேசும்போது பிடித்து அவள் தலையில் கட்டிவிடலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டடி பெல் அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவள் மேடை ஏற வேண்டும். வார்டன் இன்னாசிமேரி மேடம் ஒரு சீட்டு கொடுப்பார். அதில் ஒட்டிப்பிறந்த மாதிரி இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் இருக்கும். சே, டெல். ஹோப், விஷ். என்ன வித்தியாசம் என்று நூற்று இருபது பேர் முன்னால் இங்கிலீஷிலேயே விளக்க வேண்டும்.

காலையில் அவித்த முட்டை, சாயங்காலம் மர முட்டை. நாமக்கல்லில் படிக்க வந்தால் இரண்டும் தொண்டையில் நிற்கும்.

எனக்கு மட்டும் நின்றதில்லை. பதினொன்றாவது வரை வந்துவிட்டேன், ஒரு தடவைகூட மேடை ஏறியதில்லை. பெல் அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது யாரையாவது சிக்கவைத்துவிடுவேன். இன்று என் கிளாஸ்மேட் பிரின்சியின் டம்ளரைப் பார்த்து, "காக்ரோச்" என்று சாந்தமாகச் சொன்னேன். "ஐயோ எங்கடி" என்றாள். இந்தா கண்ணு, முட்டை.

ஜூலை 9, புதன்

பிரின்சி என்னோடு பேசவில்லை. இங்கிலீஷிலும்.

ஜூலை 11, வெள்ளி

புதுப் பெண் பெரியநாயகி. ஓமலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பத்தாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். மார்க்கைப் பார்த்து இங்கே சீட் கொடுத்திருக்கிறார்கள். வந்து ஒரு மாதம் ஆகிறது, இதுவரை முட்டை வாங்கவில்லை. காரணம் சுலபம், அவள் வாயே திறப்பதில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் எழுந்து போய் உப்பு எடுத்து வருகிறாள். காலை மிதித்தால் காலை இழுத்துக்கொள்கிறாள்.

"முட்டையிடாத கோழி" என்று நான்தான் பெயர் வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

இன்று மெஸ்ஸில் பந்தயம். நாளைக்குள் அவளைத் தமிழ் பேச வைக்கிறேன் என்றேன். பிரின்சி பேச ஆரம்பித்துவிட்டாள், "முடியாது" என்று சொல்வதற்காக.

ஜூலை 12, சனி

ஜெயித்தேன்.

அதை அப்படியே விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். முடியவில்லை.

மத்தியானமே முட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். ஐந்தே முக்காலுக்கு, துணி காயப்போடும் இடத்தில் பெரியநாயகி தனியாக இருந்தாள். ஓடிப் போய், மூச்சு வாங்குகிற மாதிரி நடித்து, இங்கிலீஷில் சொன்னேன் — உன் அம்மா வந்திருக்கிறார், கேட்டில் நிற்கிறார்.

கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே போட்டாள். "அம்மாவா? எங்கீங்க? எதுக்கு வந்துச்சு, அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?"

ஒரு மாதத்துக்குச் சேர்த்துவைத்த தமிழ். முட்டையை நீட்டினேன். பின்னால் ஒளிந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முட்டையைப் பார்க்கவில்லை. கேட் இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மேடையில் சீட்டு: ஃப்யூ, அ ஃப்யூ. ஐந்து நிமிஷம் நின்றாள். ஒரு வார்த்தை வரவில்லை. மேடம் "உட்கார்" என்ற பிறகும் நின்றாள்.

அது எனக்கு ஏன் சிரிப்பாக இல்லை?

ஜூலை 13, ஞாயிறு

போன் வரிசையில் எனக்கு முன்னால் பெரியநாயகி. அவள் அப்பா சேலத்தில் மூட்டை தூக்குகிறவராம். போன மாசம் இடுப்பில் அடி பட்டு வீட்டில் படுத்திருக்கிறாராம். நான் கேட்கவில்லை, காதில் விழுந்தது. ஹியர், லிசன் என்று ஒரு சீட்டு வந்தால் இதையே சொல்லலாம். முதலில் ஹியர்தான். பாதியிலிருந்து லிசன்.

"இருவத்தேழாந்தேதி பாக்க விடுவாங்கம்மா. அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போயிரு. நம்மூரு ஸ்கூலே போதும்."

என் முறை வந்தது. திருச்செங்கோட்டில் அம்மா, போர்வெல் ரிக் வண்டியோடு எங்கேயோ ராஜஸ்தானில் அப்பா, இரண்டு பேரும் லைனில். "என்ன சாமி, சத்தமே காணோம்?" என்றார் அப்பா.

நத்திங் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

சாரி சொன்னேன். தலையை ஆட்டினாள். அது ஆமாவா இல்லையா தெரியவில்லை. எதற்கு சாரி என்று எனக்கே சரியாகச் சொல்லவரவில்லை, இங்கிலீஷில் சொன்னதால் இருக்கலாம். பஸ்ஸில் இடித்தவனும் அதே சாரிதானே சொல்கிறான்.

ஜூலை 17, வியாழன்

எழுத நிறைய இருக்கிறது. கை வலித்தாலும் சரி.

ஐந்தரைக்கு, பிரின்சியிடம் முட்டை இருந்தது. பெரியநாயகி பக்கெட்டை இறக்கிவைத்துவிட்டு "அப்பாடா" என்றாள். பிரின்சி விடுவாளா? முட்டை கைமாறியது. திரும்பவும் மேடை. அந்த முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

நேராக அவள் முன்னால் போய் நின்று தமிழில் சொன்னேன், "முட்டையை எங்கிட்ட குடு. நான் ஏறிக்கறேன்."

சட்டப்படி முட்டை இப்போது என்னுடையது. அவள் என்ன செய்ய வேண்டும், கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "உங்க தயவு எனக்கு வேண்டாங்க" என்றாள். தமிழில். ஆக முட்டை மறுபடி அவளுக்கு.

"தயவில்லடி, தப்பு பண்ணுனனே, அதுக்கு." எனக்கு.

"தப்பு பண்ணுனா இப்படித்தான் கேப்பாங்களா?" அவளுக்கு.

"எப்படிக் கேக்கோணும்? காலுல உழுகட்டுமா?" எனக்கு.

"உழுந்தா மட்டும் சரியாப் போயிருங்களா? எங்கம்மா வந்திருக்குன்னு சொன்னீங்க. எங்கப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நான்—"

இங்கே அவளுக்குக் குரல் உடைந்தது. சண்டையில்கூட 'ங்க' போடுகிறவளிடம் என்ன பேசுவது? பிரின்சி சுவரில் சாய்ந்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள், ஏழு தடவை கை மாறியதாம். பெல் அடித்தபோது முட்டை பெரியநாயகியிடம்.

சீட்டு அதேதான். ஃப்யூ, அ ஃப்யூ. மேடம் மறக்கிற ஜாதி இல்லை.

அவள் நின்றாள். உதடு அசைந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, விஷயம் தெரியாமல் இல்லை. இங்கிலீஷில் வாய் திறந்தால் சிரிப்பார்கள் என்று நிற்கிறாள். சிரிப்பவர்களில் முதல் ஆள் யார் என்று ஊருக்கே தெரியும்.

எழுந்து நின்றேன். "மேடம், ஒன் டவுட்." மற்றதை மனப்பாடமாக எழுதுகிறேன், என் வாழ்நாளின் சிறந்த இங்கிலீஷ் அதுதான். தமிழ் பேசுகிறவளுக்கு என்ன தண்டனை? முட்டை. முட்டை இப்போது எங்கே? அவள் கையில். ஆக அவள் தமிழ் பேசினால் நாம் புதிதாக எதைக் கொடுப்பது? ஹாஸ்டலில் இருப்பது ஒரே முட்டை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு பெரியநாயகியைப் பார்த்து, "கோ ஆன்" என்றார்.

அவள் முட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"காலையில பாத்ரூம்ல நாலு பக்கெட் தண்ணி இருக்குதுன்னு வையுங்க. அ ஃப்யூன்னு சொன்னா, பரவால்ல, இருக்குது, குளிச்சிரலாம்னு அர்த்தம். ஃப்யூன்னு மட்டும் சொன்னா, இவ்வளவுதானா, நம்ம வரைக்கும் வராதுன்னு அர்த்தம். தண்ணி என்னமோ அதே நாலு பக்கெட்தாங்க. வரிசையில முன்னாடி நிக்கறவ அ ஃப்யூம்பா. கடைசியில நிக்கறவ ஃப்யூம்பா."

கடைசியில் நிற்கிறவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். முதலில் அவர்கள்தான் கை தட்டினார்கள். மூன்று வருஷமாக நான் அந்த 'அ' சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

முட்டை பெரியிடமே இருக்கிறது. யாரும் தமிழ் பேசி மாட்டவில்லை என்று இல்லை, மாட்டினாலும் அவள் கொடுக்கவில்லை.

இன்று சீ, லுக், வாட்ச். "சீன்னா தானாக் கண்ணுல படறது. லுக்குன்னா நாமளாத் திரும்பிப் பாக்கறது. வாட்ச்னா, அடுப்புல பால் வச்சுட்டு நிக்கறோமே, அந்தப் பார்வைங்க."

மெஸ் அக்கா சரிதா கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "இது தெரியாமயா இத்தன வருசம் பால் பொங்க உட்டேன்" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

போன் வரிசை. பெரி பேசியது காதில் விழாத தூரத்தில் மாட்டிக்கொண்டேன். வேண்டுமென்றே தள்ளி நின்றாளோ? பேசிவிட்டு வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. முட்டை மாதிரி வழவழவென்று ஒரு முகம்.

ஜூலை 22, செவ்வாய்

ஹாஸ்டல் தலைகீழ். எல்லாருக்கும் முட்டை வேண்டுமாம். அவள் காதுபடத் தமிழ் பேசுகிறார்கள், "பெரி, எனக்குப் பசிக்குது, கேட்டுக்கிட்டியா?" என்று. அவள் சிரிக்கிறாள். ஆமாம், சிரிக்கிறாள், பல்லெல்லாம் தெரிய.

என்னிடம் மட்டும் இன்னும் 'ங்க'தான்.

"இருவத்தேழாந்தேதி போறியா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம பாக்கலாங்க" என்றாள்.

ஜூலை 25, வெள்ளி

கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டேன். அதே பதில்.

ஒருவேளை போய்விட்டால்? என்னால் ஒருத்தி ஸ்கூலை விட்டுப் போனாள் என்று ஆகிவிடும். இதுவரை நான் செய்த எந்தச் சேட்டையும் ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் நீண்டதில்லை.

ஜூலை 27, ஞாயிறு

பத்து மணிக்கு எழுந்து பார்த்தால் (ஞாயிறு, கேட்காதே) பெரியின் கட்டில் காலி. பெட்ஷீட் இல்லை. கட்டிலுக்கடியில் தகரப்பெட்டி இல்லை.

பிரின்சி வாசலில் நின்றபடி இங்கிலீஷில் சொன்னாள் — அவள் அம்மா வந்துவிட்டார். கேட்டில் ஆட்டோ நிற்கிறது. சீக்கிரம் போனால் பார்க்கலாம்.

செருப்புப் போடவில்லை. கிரவுண்டை ஓடிக் கடந்தேன். காலில் நெருஞ்சி. கேட்டுக்குப் பக்கத்தில் எத்தனை அப்பா அம்மா, எத்தனை சாப்பாட்டுக்கூடை. யாரையும் பார்க்கவில்லை. நான் பாட்டுக்குக் கத்தினேன், "பெரி, போவாதடி. எம்மேலதான் தப்பு. வேணும்னா நான் வேற ஹாஸ்டல் போறேன், நீ இருடி."

செக்யூரிட்டி அண்ணனின் பெஞ்சில் உட்கார்ந்து பெரி இட்லி தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா மாரியாயி, ஒரு கையில் இட்லித் தூக்குப்போசி. ஆட்டோ எதுவும் இல்லை.

பெரி மெதுவாக மென்றாள். விழுங்கினாள். தாவணி முடிச்சை அவிழ்த்து எடுத்து நீட்டினாள்.

"முட்டையப் புடிடி" என்றாள்.

டி.

பின்னால் திரும்பினால் பிரின்சி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. தகரப்பெட்டி அவள் கட்டிலுக்கடியில் இருக்கிறதாம், பெட்ஷீட்டோடு. நான் எழுகிற வரை இரண்டு பேரும் எட்டு மணியிலிருந்து காத்திருந்தார்களாம்.

"ஏஞ்சாமி, இதுக்குப் போயி அழுவற?" என்றார் மாரியாயி அம்மா. "போன வாரமே போன்ல சொல்லிப்போட்டா, நான் ஊட்டுக்கு வல்லம்மா, இங்க ஒருத்தி பாக்கி இருக்கறான்னு. என்ன பாக்கின்னு இப்பத்தான் தெரியுது. அவங்கப்பாவும் எந்திரிச்சு நடமாடறாரு. வா, இட்லி தின்னு."

நான் அழவில்லை. நெருஞ்சி குத்தியது. நான்கு இட்லி தின்றேன்.

ஜூலை 28, திங்கள்

யாருமே எனக்காகத் தமிழ் பேசவில்லை. காக்ரோச், பல்லி, கரண்ட் ஷாக், எல்லாம் முயன்றேன். நூற்றுப் பத்தொன்பது பேர் கட்டுப்பாடாக இங்கிலீஷ் பேசினார்கள். ஆறு மணிக்கு, வாழ்க்கையில் முதல் தடவை, மேடை ஏறினேன். பிரின்சி விசிலடித்தாள்.

சீட்டு: ஆன் டைம், இன் டைம்.

தமிழில்தான் சொன்னேன். உரிமை இருக்கிறதே. "ஆன் டைம்னா, ஆறு மணி பெல்லுக்கு ஆறு மணிக்கே வந்து உட்கார்றது. இன் டைம்னா, மணி எவ்வளவு ஆனாலும் சரி, கை மீறிப் போறதுக்கு முன்னாடி வந்து சேர்றது."

மேடம் உதாரணம் கேட்டார்.

முதல் வரிசையில் பெரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து, மேடம்" என்று மட்டும் சொன்னேன்.