மருந்து ரூம்

ஆவணி 29, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி பாண்டிச்செல்வி எழுதுவது. நானும் மகளும் நலம். ஜெயிலில் இருக்கிறவரிடம் நலமா என்று கேட்டால் கேலி மாதிரி இருக்கும், அதனால் முதுகு வலி தேவலையா என்று மட்டும் கேட்கிறேன். கடிதத்தை உங்களிடம் கொடுக்கும் முன்னால் அங்கே பிரித்துப் படிப்பார்களாம். படிக்கட்டும். நான் எழுதுவதை யாராவது ஒருவர் ஒழுங்காகப் படித்தால் சரி.

ஐஸ்வர்யாவைக் காரியாபட்டியில் என் அண்ணன் வீட்டில் விட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறேன். அப்பா எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம், அவளே சொன்னாளாம். மறைப்பதில் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

உங்கள் ஜாமீன் மனு இரண்டாவது தடவையும் தள்ளுபடியாகிவிட்டது. தீபாவளி முடிகிற வரைக்கும் பட்டாசு வழக்கென்றால் கெடுபிடியாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வக்கீல் சொல்கிறார். பொறுத்துக்கொள்ளத்தானே பிறந்திருக்கிறோம்.

போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் சொன்னது காதிலேயே நிற்கிறது. “ஜெயபாண்டி பயதான் எழுதிப் போட்டிருக்கான். வெளிய வந்த அன்னைக்கே அவன் கையை எடுக்கலேன்னா என் பேரு மாரிக்கண்ணன் இல்ல” என்றீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. பக்கத்து வீட்டு மனிதர், பெண்டாட்டியைப் பறிகொடுத்து மூன்று மாதம் ஆகவில்லை, அவரோடு தெருவில் யாரும் பேசுவதில்லை. குழாயடியில் அவர் குடத்தை நகர்த்தி வைக்கிறார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போகிறார்கள். நேற்று அவர் வீட்டுக் கதவில் சாணியை அடித்திருந்தார்கள். அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

மாமா, ஜெயபாண்டி அண்ணன் எழுதிப் போடவில்லை. எழுதியது நான்.

இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எப்படி நடந்தது என்று முழுவதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்கள் இஷ்டம்.

நான் வார்டு மெம்பராக இருந்தபோது பழைய டிவி ரூமை நாங்கள் நர்ஸ் ரூமாக மாற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். தலைவர் பொன்னுத்தங்கம் அம்மா கிராம சபையில் தீர்மானம் போட்டார். ஊராட்சியில் இருந்து ஓடு மாற்றி, வெள்ளை அடித்து, தண்ணீர்க் குழாய் இழுத்து, ஒரு கட்டிலும் போட்டுக் கொடுத்தோம். அந்தத் தீர்மான நகலைக் காட்டிய பிறகுதான் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சுகாதார நிலையத்தில் இருந்து நர்ஸ் ஸ்ரீமதியை அனுப்பினார்கள். தீக்காயத்துக்குக் களிம்பு, கட்டுத்துணி, குளுக்கோஸ் எல்லாம் இருந்தது. ஸ்ரீமதி வராத நாளில் முதல் கட்டுப் போட எனக்கும் இன்னும் மூன்று பெண்களுக்கும் பழக்கிக் கொடுத்திருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற ரூமின் பெயரையே எடுத்து, மருந்து ரூம் என்று அதற்குப் பெயர் வைத்ததே நீங்கள்தான். “கம்பெனி மருந்து ரூம் சுடும், எம் பொண்டாட்டி மருந்து ரூம் ஆத்தும்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். எனக்கு அப்போது தலைகால் புரியாத பெருமை.

ஜனவரியில் எங்கள் பதவி முடிந்தது. தேர்தல் வரவில்லை. தனி அலுவலர் என்று ஒருவரைப் போட்டார்கள். யூனியனில் உள்ள அத்தனை ஊருக்கும் அவர் ஒருவரே. நல்லவரா கெட்டவரா என்று சொல்லக்கூட அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. கரண்டு பில் கட்ட ஆள் இல்லாமல் பியூஸைப் பிடுங்கினார்கள். புதுத் தீர்மானம் இல்லாமல் வர முடியாது என்று ஸ்ரீமதிக்கு மேலே சொல்லிவிட்டார்கள். கிராம சபை கூட்டி, தனி அலுவலர் கையெழுத்துப் போட்டால்தான் தீர்மானமாம். கிளார்க் சோலைச்சாமியிடம் நான் எட்டுத் தடவை நடந்தேன். “நீங்க இப்ப மெம்பர் இல்லக்கா, சும்மா வந்து நிக்காதீக” என்று எட்டாவது தடவை சொன்னார். ரூமைப் பூட்டி பிளீச்சிங் பவுடர் மூட்டையும் குப்பை வண்டியும் போட்டுவிட்டார்கள். ஐந்து வருடம் நாங்கள் ஓடி ஓடிச் செய்தது ஒரு பூட்டில் முடிந்தது.

ஆனி மாதம் ஜெயபாண்டி அண்ணன் பெண்டாட்டி வேலுத்தாய் அக்கா வீட்டில் பட்டாசுத் திரி சுற்றும்போது தீப்பிடித்ததே, அன்றைக்கு நான்தான் முதலில் ஓடினேன். பழகிய காலில் நேராக ரூமுக்குத்தான் ஓடினேன். பூட்டைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. திரும்பி வருவதற்குள் அக்கா கையில் யாரோ இங்க்கை ஊற்றியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம். ரூம் இருந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு துடித்திருக்க மாட்டாள், அது தெரியும். ஜெயபாண்டி அண்ணன் நடுத்தெருவில் நின்று, இனி ஒருத்தரும் வீட்டில் இந்த வேலை செய்யக்கூடாது, செய்தால் நானே எழுதிப் போட்டுவிடுவேன் என்று கத்தியது அந்தத் துக்கத்தில்தான். வாயால் கத்தியது அவர். பேனாவை எடுத்தது நான்.

பதினாறாம் நாள் முடிந்த திங்கட்கிழமை, மனு நாளில் கலெக்டர் ஆபீஸில் போய்க் கொடுத்தேன். “பொருள்: பூட்டிக் கிடக்கும் மருந்து ரூம் தொடர்பாக” என்று தலைப்புப் போட்டு, நம் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் எழுதி, மருந்தால் ஒரு பெண் இறந்துவிட்டாள், இன்னொரு உயிர் போவதற்குள் அதிகாரிகள் வந்து ரூமைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பாருங்கள். வெளியூர்க்காரர் யாராவது படித்திருந்தால் மருந்து என்றதும் ஆஸ்பத்திரிப் பக்கம் தள்ளியிருப்பார். நம் பக்கத்து ஆள் கையில் போய் மாட்டியது. நம் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்துதானே. கள்ளத்தனமாக யாரோ மருந்து பதுக்கி வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டு மூன்று ஜீப்பில் போலீஸார் வந்துவிட்டார்கள்.

ஜீப்பைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை பேர் வந்திருக்கிறார்களே, அன்றைக்கே ரூமைத் திறந்துவிடுவார்கள் என்று நினைத்து, சோலைச்சாமி வீட்டுக்கு ஓடிச் சாவியை வாங்கி வந்து கொடுத்ததே நான்தான். உள்ளே மூட்டையும் குப்பை வண்டியும்தான் இருந்தது. இவ்வளவு தூரம் வந்தவர்கள் வெறும் கையோடு போவார்களா? பக்கத்து வீடுகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நம் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் நீங்கள் அரை மூட்டை மருந்தோடும் திரிக்கட்டோடும் உட்கார்ந்திருந்தீர்கள். கம்பெனி பூட்டி இரண்டு மாதம், வேறு என்ன செய்வீர்கள்? “சார், நான் கேட்டது காயத்துக்குப் போடுத மருந்து சார்” என்று கூவிக்கொண்டு பின்னால் வந்தேன். ஜீப் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. உங்கள் காதிலும் விழவில்லை.

உங்களைப் பிடித்துக்கொண்டு போன நான்காம் நாள் என் போனுக்குச் செய்தி வந்தது. தங்கள் மனு ஏற்கப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது, மனு முடித்து வைக்கப்பட்டது என்று. நான் ஐந்து வருடம் எத்தனையோ மனு கொடுத்திருக்கிறேன் மாமா, நடவடிக்கை எடுத்தது இது ஒன்றில்தான்.

ரூம் பூட்டியேதான் கிடக்கிறது. கிளார்க் இப்போது பெரிய பூட்டாக வாங்கிப் போட்டிருக்கிறார். இன்னொரு மனு எழுதித் தா என்று பெண்கள் வந்து நின்றார்கள். கை வலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தேர்தல் வந்தால் நில் என்கிறார்கள். வந்தாலும் நிற்க மாட்டேன். எனக்கு இனி எதிலும் நம்பிக்கை இல்லை.

இன்று சாயங்காலம் ஜெயபாண்டி அண்ணனிடமும் போய்ச் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு தெருவிலும் சொல்வேன். சாணி அடிப்பவர்கள் நம் கதவில் அடிக்கட்டும். உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று கடிதத்தைக் காலையிலேயே தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.

என் மேல் உள்ள கோபத்தை என்னிடமே காட்டுங்கள். அந்த மனிதரைத் தொடாதீர்கள். அவருக்கு இழக்க இனி ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். வெள்ளை வேட்டி ஒன்றும் முதுகுக்குத் தைலமும் கொண்டு வருகிறேன். பெயரைக் கூப்பிடும்போது என்னைப் பார்க்க உங்களுக்கு மனம் இல்லை என்றால் வலைக்கு வர வேண்டாம். காவலரிடம் கொடுத்துவிட்டு, நேரம் முடிகிற வரைக்கும் வெளியே நின்றுவிட்டுப் போகிறேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் மாமா.

உங்கள்,
பாண்டிச்செல்வி