முதலில் இன்ஜின், பிறகு தண்ணீர்

சம்பந்தி,

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் படகுக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்க வேண்டியிருந்தது. கடையில் பாகத்தின் எண்ணைக் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் கராஜ் அலமாரியிலிருந்து அந்த மேனுவலை எடுத்தேன். அட்டையில் பழைய பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை. இத்தனை வருடத்தில் நான் அதைத் திறந்ததே இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனால், ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் உங்கள் வாத்தியார் எழுத்து: "முதலில் இன்ஜின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இன்ஜின்." அடியில் இரண்டு கோடு.

கராஜில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் படகை என் பையன் ஆபீஸ் நண்பரிடமிருந்து வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். விசிறி வெளியே சுற்றும் படகு இல்லை. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிக்கொண்டு ஓடுகிற ஜெட் போட். ஒரு கோடைக்கு ஏரியில் ஓட்டினான். பிறகு நான்கு வருடம் வெஸ்ட் வின்ட்சர் வீட்டின் பக்கவாட்டில், கிழிந்த தார்ப்பாயின் கீழே கிடந்தது. வீட்டோரம் படகைப் போட்டுவைக்கக் கூடாது என்று டவுன்ஷிப்பிலிருந்து கடிதம் வந்ததும், "ஜங்க்யார்டுக்குக் குடுத்துடலாம்ப்பா" என்றான். "நான் ஓட விட்டுக் காட்டறேன்" என்றேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கரூரில் யாரிடமும் வேலை கற்காமல், பிரித்துப் பிரித்து மாட்டியே மோட்டார் பட்டறை வைத்தவன். ஒரு படகு என்னை என்ன செய்துவிடும்?

அந்த மே மாதம் நீங்கள் திருச்சியிலிருந்து ஆறு மாதம் பெண் வீட்டில் இருக்க வந்தீர்கள். மறுநாளே மருமகளின் பழைய மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு படகுக்குள் இறங்கிவிட்டீர்கள். இருக்கைக்கு அடியில் எலிக்கூடு. வயிற்றுப் பகுதியில் பாசித் தண்ணீர். நீங்கள் மக்கில் அள்ளி அள்ளி ஊற்றினீர்கள்.

"என்ன சம்பந்தி, ஹெட்மாஸ்டருக்கு இந்த வேலையெல்லாம் தேவையா?" என்றேன்.

"பத்தாங்கிளாஸ் பசங்களோட கெமிஸ்ட்ரி லேபைவிட இது சுத்தம் சம்பந்தி."

வெளிப்புறம் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்திருந்தது. சோப்புத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளை வைத்து நீங்கள் வட்டம் வட்டமாகத் தேய்த்ததில், மூன்றாம் நாள் உள்ளே இருந்த சிவப்புப் பட்டை தெரிந்தது. பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். நான் தண்ணீரை உறிஞ்சித் தள்ளுகிற இம்பெல்லரைக் கழற்றினேன். கல் கடித்த பல் மாதிரி ஓரமெல்லாம் சிதைந்திருந்தது. நீங்கள் ஒரு திருகைத் தவறான பக்கம் திருப்பியபோது, "உங்க ஊர்ல ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகுவாங்க?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்ற பக்கம்தான்."

எல்லோரும் சிரித்தோம். அது வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன். நான் பையனைப் பெற்றவன், நீங்கள் பெண்ணைக் கொடுத்தவர். கல்யாணத்தன்று நான் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை நீங்கள் இலைக்குப் பக்கத்தில் நின்றீர்கள். காரில் முன்சீட்டு எப்போதும் எனக்கு. உங்கள் நீளக் காலை மடக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தீர்கள். அதையெல்லாம் நான் கவனித்ததுகூட இல்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. படகு டிரெய்லர்மேல் இருக்க, இன்ஜின் சூடேறாமலிருக்கத் தோட்டத்து ஹோஸை அதில் மாட்டியிருந்தோம். பையன் ஃபோனில் வீடியோ எடுக்க நின்றான். உங்கள் பெண் காபி கொண்டுவந்தாள். நீங்கள் மேனுவலைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தீர்கள்.

"சம்பந்தி, இதுல ஒரு விஷயம் போட்டிருக்கான்..."

"வாத்தியார் பாடத்தை அப்புறம் வெச்சுக்கலாம். குழாயைத் திறங்க."

"இல்ல, ஒரு நிமிஷம்..."

"திறங்கன்னா திறங்க சம்பந்தி. இதை எழுதினவன் படகைத் தொட்டிருக்கவே மாட்டான்."

நீங்கள் மேனுவலைப் புல்லில் வைத்தீர்கள். போய்க் குழாயைத் திறந்தீர்கள்.

இன்ஜின் ஓடாதபோது தண்ணீர் விட்டால், அது புகைபோகும் வழியாகத் திரும்பி சிலிண்டருக்குள் புகுந்துவிடும். எனக்கு அது தெரியாது. நான் சாவியைத் திருப்பினேன். கிளம்பவில்லை. திரும்பத் திரும்பத் திருப்பினேன். உள்ளே எதையோ உடைத்தாற்போல் ஒரு சத்தம், பிறகு அசைவே இல்லை. பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது.

நான் பேசியது என் காதில் இன்னும் இருக்கிறது. "யாரு உங்களை இப்படி முழுசாத் திறக்கச் சொன்னது? எம்.எஸ்சி. படிச்சவர்தானே? ஒரு குழாயைத் திறக்கத் தெரியாதா?"

"தப்பு என்னோடதுதான் சம்பந்தி. அதிகமாத் திறந்துட்டேன்" என்றீர்கள். ஹோஸ் தண்ணீரில் உங்கள் பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு அது வீட்டில் ஒரு ஜோக் ஆகிவிட்டது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற நீங்கள் போனால்கூடப் பேத்தி கத்துவாள்: "டோன்ட் கிவ் திருச்சி தாத்தா தி ஹோஸ்." நீங்கள் இரண்டு கையையும் தூக்கிச் சரணடைவதுபோல் நிற்பீர்கள். அக்டோபரில் ஊருக்குப் போனீர்கள். அடுத்த வருடம் முழங்கால் வலி என்று வரவில்லை. அதற்கடுத்த பிப்ரவரியில் மாரடைப்பு. உங்கள் பெண் தனியாகப் பறந்தாள். இங்கே துக்கம் கேட்க வந்தவர்களிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல மனுஷன். ஆனா இன்ஜினை மூழ்கடிச்சவர்" என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன். துக்க வீட்டைக் கொஞ்சம் இலகுவாக்குகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

இன்ஜினை நானே பிரித்து, இரண்டு கோடை உழைத்து ஓடவைத்தேன். ஏரிக்கரை மெக்கானிக் ஒருவர்தான் அந்த வரிசையைச் சொன்னார். "யாரு முதல்ல தண்ணி விட்டது?" என்று கேட்டார். "என் சம்பந்தி" என்றேன். நம் இரண்டு பேருக்குமே அது தெரியாது, ஆனால் கை உங்களுடையது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஏன் சம்பந்தி, நீங்கள் குழாய்க்கு முன்னால் நின்று "மாட்டேன்" என்று சொல்லியிருக்கக் கூடாதா? ஆயிரம் பிள்ளைகளை அதட்டிய வாய்தானே அது? உங்கள் மரியாதை எனக்கு வேண்டியிருக்கவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் பேச்சையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது சொன்னேன். குழாயைத் திறக்கச் சொன்னது நான், திருச்சி தாத்தாவுக்குச் சரியான வழி தெரியும், நான்தான் அவரைப் பேசவிடவில்லை என்று. பேத்தி ஸ்பூனைக் கீழே வைத்தாள். "தென் வொய் டிட்ன்ட் ஹி ஜஸ்ட் டெல் யூ, தாத்தா?"

என் பையன் தட்டைப் பார்த்தான். "சாப்பிடு" என்றாள் உங்கள் பெண்.

பிறகு சமையலறையில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். திரும்பாமலே, "எனக்குத் தெரியும் மாமா" என்றாள். "நான் அன்னிக்கு அங்கதானே நின்னேன்."

"இத்தனை நாளா ஏம்மா சொல்லலை?"

"அப்பா வேணாம்னுட்டாரு. அன்னிக்குச் சாயங்காலம் வாக்கிங் போறப்பக் கேட்டேன். 'சம்பந்தி கோவிச்சுக்கிட்டா நான் பாட்டுக்கு அக்டோபர்ல ஃப்ளைட் ஏறிடுவேன். அந்தக் கோவம் நீ இருக்கற வீட்லதாம்மா இருக்கும். விட்டுடு'ன்னாரு."

நீங்கள் நினைத்தது தவறு என்று எழுத எனக்கு ஆசை. எழுத முடியவில்லை. கோபித்திருப்பேன். மாதக்கணக்கில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டேன்.

"இனிமே நான் தப்பு பண்ணா முகத்துக்கு நேரா சொல்லணும்" என்றேன். தலையாட்டினாள். உடனே கேட்டேன்: "இந்தப் போட்டை வெச்சுக்கலாமா, வித்துடலாமா? நீ சொல்லு."

"உங்க இஷ்டம் மாமா."

"என் இஷ்டத்தைக் கேக்கலைம்மா. அதைப் பாக்கறப்ப உனக்கு என்ன தோணுது?"

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க."

அவளுக்கு முன்னால் இருந்த ஜன்னலில் திரை இறங்கியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நேராக நிற்பது படகுதான். நீங்கள் போனதிலிருந்து அந்தத் திரையை அவள் ஏற்றி நான் பார்த்ததில்லை. இதுவும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

படகு நன்றாக ஓடுகிறது சம்பந்தி. அதை இன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிடலாம். கொடுத்தால் அதுவும் என் இஷ்டமாகத்தான் போகும். நேற்றும் கேட்டேன், இன்று காலையும் கேட்டேன். அதே பதில்தான். நாளைக்கும் கேட்பேன். நான் பிடிவாதக்காரன், உங்களுக்குத் தெரியும். நீங்கள் என்னிடம் சொல்லாமல் போன அந்த "வேண்டாம்" என்கிற ஒரு வார்த்தையை, உங்கள் பெண் வாயிலிருந்தாவது கேட்காமல் நான் விடப்போவதில்லை.