நான்கை ஐந்தாக்கினேன்

கணபதி, கோவை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அக்ஷிதாவுக்கு,

அப்பா எழுதுவது. ஜெர்மனியில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம். போனில் சொல்ல வாய் வராததால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

உன் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பிவிட்டது. நீ பகா எண் என்று நிரூபித்த எண் ஒன்பதால் வகுபடுகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் தள்ளுபடி. உன் கணக்கில் தப்பில்லை அம்மணி. தப்பு செய்தவன் நான்.

அச்சடித்து பைண்டிங் செய்து கொடுக்கும் வேலையை என்னை நம்பி விட்டுப் போனாய். அச்சகத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவன் உன் எண்ணின் நூற்றுப் பதினான்கு இலக்கங்களையும் கூட்டிப் பார்த்தேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அதையும் கூட்டினால் எட்டு. பகீரென்றது. பட்டறை வண்டியிலும் போன் நம்பரிலும் எட்டு வர விடாதவன் நான். உன் ஆறு வருட உழைப்பு போயும் போயும் சனியின் எண்ணிலா நிற்பது? எண் வரும் இரண்டு இடத்திலும் ஒரு நான்கை ஐந்தாக்கச் சொன்னேன். கூட்டுத்தொகை ஒன்பதானது. அச்சகக்காரர் காளிச்சாமி, "ஏனுங்க, பாப்பாவை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு மாத்தலாமுங்களே" என்றார். இத்தனை பெரிய எண்ணில் ஓர் இலக்கம் யார் கண்ணில் படப்போகிறது என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

நேற்று உன் பேராசிரியர் சசிதரிடம் ஓடினேன். திட்டுவார் என்று நினைத்தேன். காகிதம் எடுத்துப் பொறுமையாக விளக்கினார். இலக்கங்களைக் கூட்டிக் கடைசியில் ஒன்பது வந்தால், எவ்வளவு பெரிய எண்ணானாலும் ஒன்பதால் வகுபடுமாம். பகா எண்ணோ ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் மசியாதாம். அதற்கு எட்டு வரலாம், ஏழு வரலாம், ஒன்பது வரவே வராதாம். எனக்குத் தலை சுற்றிவிட்டது. நாற்பது வருடமாக அதிர்ஷ்டம் என்று தேடித்தேடிப் பிடித்த எண்ணை வைத்தே உன் வேலையைக் கெடுத்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். "புள்ளையோட ஆறு வருசத்தைக் கெடுத்துப்போட்டீங்களே" என்றாள்.

நீ அச்சுப்பிழை என்று எழுதி என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். வேண்டாம். இரண்டு இடத்திலும் ஒரே பிழை என்றால் நம்ப மாட்டார்கள் என்கிறார் சசிதர். என் அப்பா மாற்றினார் என்றே எழுது. நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். காளிச்சாமி சாட்சி சொல்வார்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது விட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன். நீ பிறந்தது பதினெட்டாம் தேதி இல்லை கண்ணு, பதினேழாம் தேதி. ஒன்றும் ஏழும் எட்டாகிறதே என்று, பிறப்பைப் பதியும்போது நான்தான் ஒரு நாள் தள்ளிச் சொன்னேன். அம்மா அன்றைக்கே வேண்டாம் என்றாள். இருபத்தேழு வருடம் உனக்குத் தப்பான நாளில் கேக் வெட்டியிருக்கிறோம். பதினேழு பகா எண்ணா என்று சசிதரிடம் கேட்டேன். ஆமாம் என்றார்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு. அடுத்த மாதம் பதினேழாம் தேதி காலையில் கூப்பிடுவேன். கோபம் இருந்தாலும் போனை எடு, அம்மணி.

உன் அப்பா
ரங்கராஜ்