லப்டொப் இப்போது உடனே திறக்கிறது

கண்டி,
19.07.2009

அன்புத் தங்கை தவமணிக்கு,

அக்கா எழுதுவது. அத்தானுக்கு மூட்டு வலி, எனக்கு நித்திரையில்லை, மற்றபடி இருவரும் சுகம்.

நீ கனடாவிலிருந்து ஆள் மூலம் கொடுத்துவிட்ட ரேம் துண்டு போன கிழமை வந்து சேர்ந்தது. இந்தச் சின்னச் சாமானுக்கோ இவ்வளவு கதை என்றார் அத்தான். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று, கிளிநொச்சிக்கு வேலைக்குப் போகும்போது உன் மகன் விவேகன் என்னிடம் விட்டுப்போன லப்டொப்புக்குத்தான் இத்தனை பாடு. மலிவு என்று பழசாக வாங்கியது. அதைப் போட்டுவிட்டு அரிசியை உலையில் இட்டால், சோறு வடிக்கிற நேரத்துக்குத்தான் படங்கள் உள்ள இடமே திறக்கும்.

அலவத்துகொடயில் கம்பியூட்டர் திருத்துகிற மக்கீனின் கடைக்குக் கொண்டுபோனேன். பின்பக்கத்தைக் கழற்றி, தூசியை ஊதி, நீ அனுப்பியதைப் பொருத்தினார். திறந்தவுடன் தானாக ஓடுகிற, தேவையில்லாத புரோகிராம்களை நிறுத்தினார். வைரஸ் பிடிக்கிற புரோகிராமையும் மாற்றி, பாரம் குறைந்த ஒன்றைப் போட்டார். இப்போது கேத்தலை அடுப்பில் வைத்துத் திரும்புவதற்குள் திறந்துவிடுகிறது. இன்னும் மூணு வருசம் ஓடும் டீச்சர் என்றார். நான் புறப்படும்போது குரலைத் தாழ்த்தி, தங்கச்சிக்கு இன்னும் சொல்லல்லயா என்று கேட்டார்.

சொல்லவில்லை. போனில் சொல்லத் துணிவு வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

விவேகனின் படம் அதில் இல்லை, தவமணி. மாசி மாதம் எங்கள் ஒழுங்கையில் ஆமியும் பொலிசும் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். கம்பியூட்டரில் சண்டை நடந்த வன்னியின் படங்கள் இருந்ததென்று இரண்டு வீடு தள்ளி ஒருவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளையும் வன்னியில்தானே, அடுத்தது எங்கள் வீடுதான் என்று பயந்தேன். அன்றைக்கே லப்டொப்பைச் சீலைப் பையில் மறைத்து மக்கீனிடம் கொண்டுபோய், ஒன்றும் மிஞ்சாமல் அழித்துத் தரச் சொன்னேன். படங்களையாவது வேறாக எடுத்து வைக்கட்டா என்று அந்த மனுசன் இரண்டு தரம் கேட்டார். வேண்டாம் என்றவள் நான். கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவேயில்லை.

சண்டை முடிந்த பிறகு, பிள்ளையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, தேடிப் பார்க்க அவனுடைய கிட்டடியில் எடுத்த படம் வேண்டும் என்று முகாமுக்குள் போய்வருகிற பாதர் கேட்கிறார் என்று நீ அழுதாய். லப்டொப் சரியான ஸ்லோ, படம் திறக்குதில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ அதை நம்பி, வேலையிடத்தில் ஆட்களைக் கேட்டு, ஒவ்வொரு கிழமையும் அதைச் செய், இதைச் செய் என்று எழுதினாய். அவற்றை வாசிக்க வாசிக்க எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. அழித்ததை மீட்க முடியுமா என்று மக்கீன் ஒரு முழு நாள் மினக்கெட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

உன்னிடம் இருப்பவை அவன் பள்ளிக்கூடப் படங்கள். அவற்றைக் காட்டினால் யாருக்கும் ஆளைத் தெரியாது. தாடி விட்டதும், கண்ணாடி போட்டதும், இடது புருவத்தில் காயம் பட்டதும் பேராதனையில் படிக்க வந்து என் வீட்டில் இருந்தபோதுதான். ஆகவே அவனுடைய இப்போதைய முகம் தெரிந்த நானே ஓகஸ்ட் பத்தாம் திகதி வவுனியா முகாமுக்குப் போகிறேன். கம்பிக்கு வெளியே நின்று பார்க்க விடுகிறார்களாம். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கிடக்குதே, வழியில் சந்தேகப்பட்டுப் பிடிப்பாங்கள், போகாதையும் என்கிறார் அத்தான். எனக்கும் பயம்தான். ஆனாலும் பஸ்ஸுக்குச் சொல்லிவைத்துவிட்டேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. இனி என்னோடு கதைக்க உனக்கு மனமில்லாவிட்டால் கதைக்காதே. பிள்ளையார் உன் பிள்ளையை உன்னிடம் சேர்க்கட்டும். பத்தாம் திகதியிலிருந்து போனை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள். அவனைக் கண்டால் அந்த இடத்திலேயே உனக்குக் கோல் எடுத்து, போனைக் கம்பிக்குள்ளால் நீட்டிவிடுவேன். என்னுடைய நம்பர் என்று வெட்டிவிடாதே, தங்கச்சி. கதைக்கப்போவது அவனாக இருக்கும்.

உன் அக்கா,
கமலாசனி