வரவேண்டிய நூல்கள்

சிவமயம்

உடுப்பிட்டி வாசிகசாலை,
12-12-1936

அன்பான யசிந்தாவுக்கு,

மழையோடு வந்த தடிமனும் தும்மலும் இன்னும் விடவில்லை. பதில் தாமதித்ததற்குக் கோபிக்க வேண்டாம். உங்கள் கோயில் நூலகத்துக்குச் சுவாமியார் வாங்கிய சமஸ்கிருத நூல்களுக்குப் பட்டியல் அட்டை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

பிரெஞ்சு நூல்களை நம் இரண்டு நூலகமும் பாதிப் பாதியாக வாங்குவதும், கன்னியர் மடத்தில் பிரெஞ்சு படித்த நீர் அவற்றுக்கு அட்டை எழுதுவதும் எங்கள் காரியதரிசி தம்பிஐயாவுக்கு இன்னும் பிடிக்கவில்லை. காரைக்கால் கடைக்கு ஓடர் போகிற அன்றே நீர் அட்டையையும் அனுப்பிவிடுகிறீர். நான் அதை ‘வரவேண்டியவை’ தட்டில் வைக்கிறேன். "பிள்ளை பிறக்க முந்திப் பேர் வைக்கிறியளோ?" என்று நேற்றும் கேட்டார். இங்கே பிரெஞ்சுக்காரர் ஆளும் சைகோனில் இருந்து திரும்பியவர்கள் பிரெஞ்சு நூல் கேட்டு என்னைப் படுத்துவது அவருக்கு எங்கே தெரியும்?

கடைசி ஓடரில் ஒன்று வந்துவிட்டது. தேனீ வளர்ப்பு நூல். உமது அண்ணை லியோன்தான் வழக்கம்போலக் கொண்டுவந்து தந்தார். இன்று உச்சி வெயிலில் வந்தார். நன்றாக நனைந்திருந்தார். "மிச்சம் ஒண்டு கிடக்கு தங்கச்சி, பிறகு கொண்டு வாறன்" என்றார். தேத்தண்ணி வேண்டாமாம். முன்பு பகிடி விட்டுச் சிரிக்க வைக்காமல் போகமாட்டார். இன்று பேச்சே குறைவு. அவருக்கும் தடிமன் போலும்.

உமது அம்மாவுக்கு என் வணக்கம்.

உம்மை மறவாத,
குணலட்சுமி


சேசு மரி சூசை துணை

குருநகர்,
15-12-1936

குணலட்சுமி,

உமது கடிதத்தை எத்தனை முறை வாசித்தேனோ தெரியாது. நீர் விளையாட்டாக எழுதுகிறவர் அல்ல. ஆகையால் கேட்கிறேன்: வந்தது அண்ணைதானா?

காரைக்காலில் இருந்து நூல்களை ஏற்றி வந்த அவருடைய தோணி கார்த்திகைப் புயலில் கவிழ்ந்துவிட்டது. உமக்கு அறிவிக்க எனக்கு மனம் வரவில்லை. கூடப் போன அடைக்கலநாதன் மட்டும் பலகையைப் பிடித்துக் கரை சேர்ந்தான். அண்ணை புத்தகப் பெட்டியை விடாமல் கட்டிப்பிடித்தபடி தாழ்ந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறான். "பெட்டியை விடு அண்ணை எண்டு கத்தினனான், கேக்கேல்லை" என்று எங்கள் முற்றத்தில் விழுந்து அழுதான். அம்மா அவனை நம்பவில்லை. உடலைக் காணாமல் மரணப் பூசைக்குச் சம்மதிக்க மாட்டாவாம்.

அண்ணை உயிரோடு இருந்தால் ஏன் வீட்டுக்கு வரவில்லை? மறுபடி வந்தால் இதைக் கேளும். வேறெதுவும் வேண்டாம். அம்மாவுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

யசிந்தா


சிவமயம்

உடுப்பிட்டி,
22-12-1936

என் அன்பு யசிந்தா,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

இன்று மத்தியானம் வந்தார். தம்பிஐயா எதிர் மேசையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வழக்கமாகக் கிடக்கும் நாய் எழுந்து போய்விட்டது. அண்ணை நூலை என் மேசையில் வைத்தார். தட்டிலிருந்து நான் அட்டையை எடுக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை பெய்து நாலு நாளாகிறது. அவருடைய சேட்டிலிருந்து தண்ணீர் வடிந்தபடி இருந்தது. ஆனால் நிலம் நனையவில்லை.

நீர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.

"ஏன் அண்ணை இன்னும் வீட்டை போகேல்லை?"

"ஏத்தின சாமானைக் குடுத்து முடிக்காமல் வீட்டு வாசல் மிதிக்கிறேல்லைத் தங்கச்சி. எங்கடை ஆக்களின்ரை வழக்கம் உங்களுக்குத் தெரியாதே?"

அதற்குள் தம்பிஐயா பத்திரிகையை இறக்கினார். "ஆரோடை பிள்ளை கதைக்கிறீர்? பிரெஞ்சுப் புத்தகம் பாத்துப் பாத்துத் தனியக் கதைக்கவும் பழகியிட்டீரோ?" என்று சிரித்தார். திரும்பிப் பார்த்தேன். அண்ணை இல்லை. நூல் இருந்தது. ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது.

யசிந்தா, அடைக்கலநாதன் பொய் சொல்லவில்லை. அந்த ஓடர் இத்துடன் முடிந்துவிட்டது. இனி அவர் வரத் தேவையில்லை என்று நினைக்கிறேன். உம்மோடு சேர்ந்து அழுகிறேன்.

குணலட்சுமி


குருநகர்,
28-12-1936

அன்புள்ள குணலட்சுமி,

இத்துடன் மூன்று புதிய அட்டைகள் இருக்கின்றன. தயவு செய்து தட்டில் வையும்.

எந்தக் கடைக்கும் நான் ஓடர் போடவில்லை. இரண்டு நூல்கள் கடைக்காரரின் பட்டியலில் உள்ளவை. மூன்றாவது எங்கும் இல்லை. பெயர், ஆசிரியர், பக்கம் எல்லாம் நானே எழுதினேன். கடலடியில் வளரும் செடிகளைப் பற்றிய நூல் என்று வைத்துக்கொள்ளும். அட்டை இருக்கிறவரை அண்ணை வருவார் அல்லவா? அவரை எனக்குக் காட்ட வேண்டாம். வந்தார், இன்னது சொன்னார் என்று நீர் எழுதினால் போதும்.

நத்தார்ப் பாலன் பிறப்புக்கு அவர் இல்லை. சுவாமியார் மரணப் பூசைக்கு நாள் கேட்டார். பொறுக்கச் சொன்னேன். அம்மாவுக்கு நம்பிக்கை இருக்கிறது என்று அவர் நினைக்கிறார். அம்மாவைவிட அதிகம் தடுப்பது நான்தான்.

அவர் என்னவாக வருகிறார் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் எழுத வேண்டாம்.

உமது யசிந்தா


சிவமயம்

உடுப்பிட்டி,
20-1-1937

என் யசிந்தா,

நீர் வேண்டாம் என்றதையும் எழுதப் போகிறேன். மன்னியும்.

பட்டியலில் உள்ள இரண்டையும் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் அவர் அவராக இல்லாமல் போகிறார். முதல் முறை சேட்டுக் கிழிந்திருந்தது. அடுத்த முறை விரல்கள் நூலைச் சரியாகப் பிடிக்கவில்லை, மேசையில் விழுத்தினார். நேற்று, நீர் இல்லாத ஒன்றாக எழுதிய அந்த நூலையும் கொண்டுவந்தார். மட்டையில் மட்டிச் சிப்பி ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. அதை எங்கிருந்து எடுத்துவர அவரை அனுப்பினோம், யசிந்தா?

"தங்கச்சி, இன்னும் கிடக்கோ?" என்று கேட்டார். அந்தக் குரலை நீர் கேட்டிருந்தால் அடுத்த அட்டை எழுதியிருக்க மாட்டீர். நீர் புதிதாக எழுதி அனுப்பி, நேற்றுக் காலைத் தபாலில் வந்த நான்கு அட்டைகளும் என் மேசை லாச்சிக்குள்தான் இருந்தன. நான் வெறும் தட்டைத் திருப்பிக் காட்டினேன்.

"இல்லை அண்ணை. எல்லாம் முடிஞ்சுது."

"உண்மையாவோ?"

"ஓம் அண்ணை. இனி ஒண்டும் இல்லை."

அவருடைய முகம் மலர்ந்தது. பழைய லியோன் அண்ணை போலவே சிரித்தார். அவர் ஆறுதல் அடைந்தார், இத்துடன் மறைந்துவிடுவார் என்று நினைத்தேன். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

"அப்ப நான் அம்மாவிட்டைப் போறன்" என்றார்.

வாசல் வரை போய்ப் பார்த்தேன். கடற்கரைப் பக்கம் அவர் திரும்பவில்லை. உங்கள் குருநகருக்குப் போகும் யாழ்ப்பாணத் தெருவால் நடந்தார். அவசரமில்லாமல், நீண்ட நாள் கழித்து ஊருக்குப் போகிற ஆள் நடக்கிற மாதிரி.

நான்கு அட்டைகளையும் திருப்பி அனுப்புகிறேன். நம் ஏற்பாடு இத்துடன் நிற்கட்டும். நீர் என்னோடு கோபித்தாலும் சரி. ஆனால் யசிந்தா, பூசை இன்னும் வைக்கவில்லை அல்லவா? அம்மா இன்னும் அவர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறா?

அவர் நேற்று மத்தியானம் புறப்பட்டவர். இந்தக் கடிதம் நாளைக் காலைத் தபாலில்தான் போகும். உமது கையில் கிடைக்கும்போது அவர் வந்து சேர்ந்திருப்பார்.

குணலட்சுமி