பதுளைக்குப் பாட்டுக் கேட்க வந்தவர்

இன்று காலை பதுளையில் என் துணிக்கடைக்கு வந்த புது ஆள் ஒருவரின் சட்டையில் கந்தகப் புகை வாடை. இலங்கைக்குக் கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் துணிகளுக்குப் புகை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது, வாத்தியார் ஐயா. நீங்களும் அந்த வாடையோடுதான் பண்டாரவளையில் ரயிலிறங்கினீர்கள்.

சுங்குடிச் சேலை வாங்க நான் மதுரைக்கு வந்த இடத்தில் பழகியவர்கள் நாம். இங்கே தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பாடும் ஒப்பாரிகளை எழுதிக்கொள்ள, கல்லூரியில் சம்பளமில்லாத விடுப்பெடுத்துக் கிளம்பினீர்கள். முகாமில் கேட்டார்களாம்: "இலங்கையில் உமக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?"

"யாருமில்லை."

"பிறகு எதற்குப் போகிறீர்?"

"பாட்டுக் கேட்க."

கூலிக்குப் போகிறவருக்கு ஒரு சீட்டு, வியாபாரிக்கு ஒரு சீட்டு. உங்களை எதில் சேர்ப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் எனக்குத் தந்தி வந்தது. 'இவர் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க மாட்டார், முப்பதாம் நாள் திரும்பிவிடுவார்' என்று நான் பொறுப்பேற்று எழுதிய பிறகே விட்டார்கள்.

நமுனுகுல மலையடித் தோட்டத்திலும் அதே கதைதான். வெளியாள், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போகக் கூடாது. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்கலாம் என்றார் தோட்டத்துத் துரை. நின்றோம். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கொழுந்தெடுக்கும் காளியம்மாதான் சிரித்தாள்: "இங்க நின்னா 'இருக்கேன்'னு சொல்லத்தாங்க வாய் வரும். பாட்டு எப்படி வரும்? ஞாயித்துக்கெழமை மொதலாளி கடைக்கு வாறேன்."

வந்தாள். துணிமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஊரிலிருந்து மன்னார்க் காட்டுப் பாதையில் நடந்து வந்த காலத்தில் வழியிலேயே புதைத்த மகளுக்காகப் பாடினாள். பாதியில் நீங்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டீர்கள். அவளும் நிறுத்தினாள். "மிச்சத்த அடுத்த ஞாயிறு பாடுறேன்."

அந்த ஞாயிறு உங்களுக்கு முப்பத்திரண்டாம் நாள். "பாய், ரெண்டே நாள்..." என்றீர்கள்.

"எழுதிக் கொடுத்துட்டேனே ஐயா" என்றேன்.

அதற்குமேல் நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இன்றும் உறுத்துகிறது.

சொன்னபடி காளியம்மா வந்தாள். நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். "அப்ப நீங்க எழுதுங்க மொதலாளி. அவருகிட்ட சேத்துடுங்க" என்றாள். துணி அளந்தே பழகிய கையால் எழுதினேன். வரிக்கு நாலு பிழை. நீங்கள் பதில் போட்டீர்கள்: "பாய், ஒரு பிழையையும் திருத்தவில்லை. அவள் குரல் அப்படியே கேட்கிறது. மறுபடி வருகிறேன்."

மறுபடி வர மறுபடியும் பொறுப்புக் கடிதம் வேண்டும். எழுதினேன். திரும்பும் நாளை மட்டும் எழுதாமல் விட்டேன். கேட்டால் கேட்கட்டும் என்று. தபாலில் சேர்க்குமுன், உங்கள் கருமாதித் தேதியோடு உங்கள் மகனின் கடிதம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காளியம்மாவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உங்களுக்காகப் பாடினாள்.

அதை நான் எழுதிக்கொள்ளவில்லை, ஐயா. ஆனால் ஒரு சொல் தவறாமல் எனக்குத் தெரியும்.